மறுத்துப் பேச ஓர் ஆள்

ஈப்போவில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில்தான் அவரை முதலில் பார்த்தேன். அன்றைக்கு அங்கே கல்யாணம் எதுவும் இல்லை. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பேச்சாளர், வாழ்க்கையிலும் வியாபாரத்திலும் ஜெயிக்க யூதர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை என்று ஒரு நாள் பயிற்சி வைத்திருந்தார். நான் வேலை பார்த்த டயர்க் கடையை மூடிவிட்டிருந்த சமயம். மனைவி முணுமுணுத்ததையும் பொருட்படுத்தாமல் கட்டணம் கட்டி, இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

பேச்சாளர் கோட்டு போட்டிருந்தார். குளிர்சாதனம் சரியாக ஓடாத அந்த மண்டபத்தில் அவருக்கு வியர்த்து வழிந்தது. யூதப் பெண்கள் மாசமாக இருக்கும்போதே கணக்குப் போடுவார்கள், அதனால்தான் பிள்ளைகள் வியாபார மூளையோடு பிறக்கின்றன என்றார். பணம் அவர்கள் ரத்தத்திலேயே ஓடுகிறது என்றார். நாங்கள் தலையாட்டினோம். முன்வரிசையில் ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. சாயம் போன பருத்தி பஞ்சாபி உடை, நெற்றியில் குங்குமம், காலில் ஆண்கள் போடும் தடித்த சப்பாத்து. அவர் ஒலிவாங்கிக்காகக் காத்திருக்கவில்லை.

"தம்பி, நீங்க எத்தன யூதர் வூட்ல சாப்பிட்டிருக்கீங்க?"

பேச்சாளர் சிரித்து, தான் சொல்வதெல்லாம் ஆராய்ச்சியில் வந்தது என்றார். அந்த அம்மாள் தான் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பல வருஷம் இருந்ததாகச் சொன்னார். வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் தாதியாக. அந்த வீட்டு மருமகள் மாசமாக இருந்தபோது ஊறுகாய் தின்றுகொண்டு தொலைக்காட்சி பார்த்தாளே தவிர, கணக்குப் போடவில்லை. பக்கத்து வீட்டு யூதர் பஸ் கண்டக்டராக இருந்து, வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்தார். இதையெல்லாம் அவர் சாதாரணமாகச் சொல்ல, கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

"நான் பாத்துக்கிட்ட பெரியவருக்குக் கூடப் பொறந்தவங்க ஒருத்தரும் உயிரோட இல்ல. சின்ன வயசுலயே எல்லாரையும் கொன்னுட்டாங்க. யூதருங்கற ஒரே காரணத்துக்கு. அவங்க ரத்தத்துல என்னமோ ஓடுதுன்னு சொல்லித்தான் தம்பி, அதையும் ஆரம்பிச்சாங்க."

பேச்சாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்.

தேநீர் மேசையருகே அந்த அம்மாள் கறிபப் பலகாரம் ஒன்றைத் தின்றுகொண்டு தனியாக நின்றார். பக்கத்தில் போக எல்லாருக்கும் தயக்கம். நான் போனேன். அப்படியென்றால் அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். நிறைய இருக்கு என்றார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். இப்போது வேலை இல்லை என்றேன். பக்கத்தில் புந்தோங்கில் தனக்குத் தொழிற்சாலை பஸ்கள் ஓடுகின்றன, அலுவலகத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, சட்டென்று கேட்டார்: "நான் இப்ப உள்ள பேசினதுல என்ன தப்பு?"

ஒரு தப்பும் இல்லை, பிரமாதமாகப் பேசினீர்கள் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவர் பலகாரக் காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "அப்ப ஒனக்கு எங்கிட்ட வேல இல்லலா" என்று படியிறங்கத் தொடங்கினார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன், இத்தனை பேர் முன்னால் ஒரு மனுஷனை அவமானப்படுத்திவிட்டீர்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று. அவர் பாதிப் படியில் நின்றார். திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மறுபடி மேலே ஏறி வந்து, என்னைத் தாண்டிக்கொண்டு நேராகப் பேச்சாளரிடம் போனார். சொன்னது சரி, சொன்ன இடம் தப்பு, அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். போகும்போது என்னிடம், "நாளைக்குக் காலைல வா" என்றார்.

என் வேலை அப்படித்தான் ஆரம்பித்தது. அவரோடு இருந்த காலம் முழுக்க நான் அடிக்கடி திடுக்கிட்டிருக்கிறேன். இன்றைக்கு அவரை நினைத்தாலும் முதலில் வருவது அந்தத் திடுக்கிடல்தான். பாசம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்து போனவர், அந்த யூதக் குடும்பத்தோடேயே தங்கிவிட்டார். அம்மாவுக்கு முடியாமல் போனபோது திரும்பி வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய பஸ் ஒன்றை வாங்கி, ரப்பர் தோட்டங்கள் எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறிய பிறகு வேலை தேடி ஈப்போ தொழிற்சாலைகளுக்குப் போன பெண்களை ஏற்றி இறக்க ஆரம்பித்தார். நான் சேர்ந்தபோது சுங்காய், தாப்பா, காம்பார் என்று அவர் பஸ்கள் போகாத தாமான் குடியிருப்பு இல்லை.

அந்த லண்டன் வீட்டைப் பற்றி அவர் பேசும்போது பலர் பயந்தார்கள். யூதர் என்கிற அந்தச் சொல்லை வெளியே சத்தமாகச் சொல்லாதீர்கள் அக்கா, நம் ஊரில் யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியாது என்பார்கள். அவர் குரலைத் தாழ்த்தியதே இல்லை. தூரத்து நாட்டில் நடக்கிற சண்டையில் யார் செய்வது அநியாயம் என்று கேட்டாலும் ஒளிக்காமல் சொல்வார். அது வேறு, நான் சோறு தின்ற வீடு வேறு என்பார். "ஒரு வூட்ல சாப்பிட்டுட்டு அவங்க பேரச் சொல்ல வெக்கப்படணுமா?" என்று ஒரு தடவை கோயில் கமிட்டித் தலைவரிடமே கேட்டார். அதற்குப் பிறகு அந்தத் தலைவர் எச்சரிப்பதை விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் முருகன் படத்துக்கு முன் குத்துவிளக்கு ஏற்றுவார். நம் வீடுகளில் செய்வதுதான். ஆனால் விளக்கு ஏற்றியதும் கேட்டை இழுத்துப் பூட்டிவிடுவார். ஏற்கெனவே கடைசி ஷிப்டுக்குப் போன பஸ்களுக்கு மட்டும் திறந்துவிடுவதோடு சரி. சனிக்கிழமை முழுக்க ஒரு பஸ்ஸும் வெளியே போகாது. சனிக்கிழமைதான் தொழிற்சாலைகளில் ஓவர்டைம். மற்ற கம்பெனிக்காரர்கள் அதற்காக அடித்துக்கொள்வார்கள். இவர் அந்த ஒரு நாளை அவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். நான் சேர்ந்த புதிதில், இது தற்கொலை அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். மறுத்துப் பேசினால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சொல்லு சொல்லு என்பார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த லண்டன் வூட்டு அம்மாவும் வெள்ளிக்கிழம வெளக்கு ஏத்துவாங்க, நாமளும் ஏத்தறோம். நாம ஏத்திட்டுத் திரும்ப வேலைக்கு ஓடறோம். அவங்க மறுநாள் சனிக்கிழம முடியற வரைக்கும் ஓட மாட்டாங்க. அதுதான் வித்தியாசம்" என்றார்.

ஓட்டுநர்களின் மனைவிமார் சிலர் அலுவலகத்துக்கு வந்து புகார் சொன்னதும் உண்டு. சனிக்கிழமை முழுக்க மனுஷன் வீட்டிலேயே கிடக்கிறார், தொல்லை தாங்கவில்லை என்று. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கொடுத்த நாளைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆளைப் பற்றிப் பேச விடமாட்டார். யாராவது, அந்த மணியம் இருக்கிறானே என்று ஆரம்பித்தால் போதும், இரு, அவனையும் கூப்பிடறேன் என்று கைப்பேசியை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, இந்தா இவன் உன்னைப் பத்தி என்னமோ சொல்றான், கேளு என்று மேசையில் வைத்துவிடுவார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. புறம் பேச்சு மூன்று பேரைக் கெடுக்கும், பேசுகிறவன், கேட்கிறவன், பேசப்படுகிறவன் என்று அந்தப் பெரியவர் சொல்வாராம். வியாபாரம் செய்கிற இடத்தில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை என்பது அக்காவின் கட்சி. போகப் போக எங்கள் அலுவலகத்தில் பேச்சு குறைந்தது. சண்டை கூடியது. நேருக்கு நேர் சண்டை.

சண்டைதான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்த லண்டன் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மகனும் தங்கள் மதத்துப் பழைய சட்டங்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடுவார்களாம். முதல் வாரம் இவர் பயந்துபோய்ச் சமையலறையில் ஒளிந்துகொண்டாராம், குடும்பம் உடையப் போகிறது என்று. பிறகு பார்த்தால், வாதம் முடிந்து ஒருவருக்கொருவர் ரொட்டி எடுத்து வைக்கிறார்கள். அங்கே கேட்டதில் ஒன்றை அவர் எங்களுக்கு ஓயாமல் சொல்வார். பழைய காலத்தில் அவர்களுடைய பெரிய நியாய சபையில், ஒருவனுக்கு மரண தண்டனை என்று அத்தனை நீதிபதிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டால், அவனை விட்டுவிட வேண்டுமாம். ஒருவர்கூட அவன் பக்கம் பேசவில்லை என்றால், அங்கே யாரும் சரியாக யோசிக்கவில்லை என்று அர்த்தமாம்.

கேட்கும்போதெல்லாம் நான் மறுத்திருக்கிறேன். நிஜமாகவே குற்றவாளி என்றால், என்பேன். இருக்கலாம் என்பார். "ஆனா எல்லாரும் சேந்து சரின்னு சொல்ற எடத்துல எனக்குப் பயமா இருக்கும் குணா."

அதை நான் ஒரு சுவையான கதையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், அந்த விபத்து நடக்கும்வரை.

ஒரு வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன், சுங்காயில் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த எங்கள் பஸ் தாப்பாவுக்கு இந்தப் பக்கம் பழைய ரோட்டை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் சாய்ந்தது. ஓட்டியவர் மணியம். உயிர் போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். பலருக்குக் காயம். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் அடி அதிகம். அவள் என் சித்தப்பா மகள் லெட்சுமி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். வலது கை தோளிலிருந்து நசுங்கியிருந்தது.

அக்கா எனக்கு முன்பே மருத்துவமனையில் இருந்தார். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்ற அவர் போகவில்லை. சனிக்கிழமை முழுக்கக் கட்டிலுக்குக் கட்டில் நடந்துகொண்டிருந்தார். தாதிகளோடு பேசினார், மருந்துக் கடைக்கு ஓடினார், சண்டை போட்டார். வேறு எதற்காகவும் அவர் அந்த நாளை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. கேட்டபோது, உயிர் விஷயத்துக்குச் சனிக்கிழமை கிடையாது, அதுவும் அங்கே கற்றதுதான் என்றார்.

அடுத்த வாரம் பஸ் நிறுத்துமிடத்துக் கொட்டகையில் எல்லாரையும் கூப்பிட்டார். ஓட்டுநர்கள், அடிபட்டவர்களின் வீட்டார், பஸ்களைப் பழுது பார்க்கும் ஆ கியோங். மணியத்தையும் கூப்பிட்டிருந்தார், அவன் வரவில்லை. அவன் மேல் போலீஸ் வழக்கு தனியாக நடந்துகொண்டிருந்தது. பிரேக்கில் கோளாறு இல்லை என்று ஆ கியோங் சொன்னார். தூங்கிவிட்டான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மணியத்தை யாருக்கும் பிடிக்காது. முன்கோபி, குடிப்பவன், ஒரு வார்த்தை சொன்னால் மூன்று வார்த்தை திருப்புகிறவன். அவனை நீக்க வேண்டும், அவன் மேல் நஷ்ட ஈடு கேட்டும் வழக்குப் போட வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மணியத்துக்காகப் பேச யாராவது இருக்கிறீர்களா என்றார். யாரும் இல்லை. இரண்டாவது முறையும் கேட்டார். கொட்டகைத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்திருந்தது. அப்படியென்றால் இன்றைக்கு முடிவு கிடையாது என்று எழுந்தார். கூட்டம் கொதித்தது. லெட்சுமியின் புருஷன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

அக்கா என்னைப் பார்த்துக் கை நீட்டினார். "நீ போய் அவனுக்காக என்ன இருக்குன்னு தேடு. அடுத்த வாரம் நீதான் அவன் பக்கம் பேசற."

என் தங்கச்சி அங்கே கையை அசைக்க முடியாமல் கிடக்கிறாள், என்னைப் போய் அவனுக்காகப் பேசச் சொல்கிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். அந்த வார்த்தையை அவரிடம் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் கோபப்படவில்லை.

"அதனாலதான் ஒன்னச் சொல்றேன். அவன் மேல இவ்ளோ கோவம் இருக்கற நீ அவனுக்காகப் பொய் சொல்ல மாட்ட. நீ வந்து ஒண்ணும் இல்லன்னு சொன்னா, நானும் நம்பிருவேன்."

ஒன்றும் இல்லை என்று வந்து சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் சுங்காய்க்குப் போனேன். தோட்டம் விற்கப்பட்டு வருஷங்கள் ஆகியும் மணியம் அந்தப் பழைய லயத்து வீட்டிலேயே இருந்தான். சுற்றிலும் செம்பனை. வாசலில் தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஏதாவது எதிர்த்துப் பேசுவான், நானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று இருந்தேன். அவன், "தூங்கிட்டேன் குணா. நான்தான். வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவன் மனைவிதான் சொன்னாள். புது ஓட்டம் வந்ததிலிருந்து அவன் படுக்கையில் படுப்பதில்லையாம். நடு ராத்திரி ஷிப்டுப் பெண்களை வீடு வீடாக இறக்கிவிட்டு வருவான், குளிப்பான், ஏதாவது சாப்பிடுவான். படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவான். கோழி கூவுவதற்குள் மறுபடி பஸ்ஸை எடுத்துவிடுவான். சனிக்கிழமை ஒன்றுதான் அவன் கட்டிலைப் பார்க்கும் நாள். வெள்ளிக்கிழமை வரும்போது கண்கள் ரத்தமாக இருக்கும். இதைச் சொல்லிவிட்டு அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

அந்தக் காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை. புது ஓட்டம் என்று அவள் சொன்னது, கையுறைத் தொழிற்சாலையின் இரவு ஷிப்டு. சில மாதங்களுக்கு முன் எங்களுக்குக் கிடைத்த பெரிய ஒப்பந்தம். அந்த ஓட்டங்களை யார் யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று முடிவு செய்தவர் அக்கா.

மறு வாரம் கொட்டகையில் எழுந்து நின்றேன். முன்னைவிட ஆட்கள் கூட வந்திருந்தார்கள். நான் மணியத்தைப் புகழவில்லை. அவன் தூங்கியது உண்மை என்றேன். அவன் எப்போது பஸ்ஸை நிறுத்தினான், எப்போது மறுபடி எடுத்தான், நடுவில் எங்கே உட்கார்ந்திருந்தான் என்பதை அவன் மனைவி சொன்னபடி சொன்னேன். மற்ற சுங்காய் ஓட்டுநர்களைப் பார்த்து, உங்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். ஒருவர், ஆமா என்றார். இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். இந்த ஓட்டத்தை இப்படி வைத்தது யார் என்று கேட்டார். அவருக்குப் பதில் தெரியும். நான் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறார் என்பதும் புரிந்தது.

"நீங்கதான் அக்கா."

பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல என்றார். நான் மறுபடி சொன்னேன்.

அவர் முகத்தில் அப்போது வந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடி விழுந்தவர்போல இருந்தார். மறுத்துப் பேசினால் மலரும் முகம் இல்லை அது. டயரை விட்டு எழுந்து நின்றார்.

"அந்த ஒப்பந்தம் வந்தப்ப இதே எடத்துல வச்சுத்தான் ஒங்களக் கேட்டேன், ராத்திரியும் காலையும் ரெண்டு ஓட்டமும் முடியுமான்னு. எல்லாரும் முடியும்னு சொன்னீங்க. ஒரு ஆளு மாட்டேன்னு சொல்லல. அப்பவே நான் பயந்திருக்கணும். சந்தோஷப்பட்டேன். ஒரு நாளு ஓய்வு குடுக்கறேங்கற பெருமையில மத்த ஆறு நாள நான் திரும்பியே பாக்கல."

மணியத்தை நீக்கப் போவதில்லை என்றார். அவன் இனி பஸ் ஓட்டப் போவதும் இல்லை, ஆனால் குற்றம் என்னுடையது, சிகிச்சைக்கும் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் நானே பொறுப்பு என்றார். இரவு ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்துவதாகவும் சொன்னார். எங்கள் ஆட்களில் எந்த முதலாளியும் இப்படித் தொழிலாளிகள் முன்னால் நின்று பேசி நாங்கள் கேட்டதில்லை. ஆ கியோங் பக்கத்தில் இருந்தவரிடம், இவங்க என்ன சொல்றாங்க, சரியாத்தான் சொல்றாங்களா என்று மலாயில் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இரவு ஷிப்டு இல்லையென்றால் பகலும் வேண்டாம் என்று தொழிற்சாலை மொத்த ஒப்பந்தத்தையும் வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. மருத்துவச் செலவுக்குப் பாதி பஸ்கள் விற்கப்பட்டன. ஓட்டுநர்கள் சிலருக்கு வேலை போனது. அவர்களில் ஒருவர், அக்காவிடம் மரியாதையாக இருந்தவர், சாவியை மேசையில் வைத்துவிட்டு, உங்க நியாயத்துக்கு எங்க வயிறுதான் கெடச்சிச்சா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி சரிதான் என்று அக்கா என்னிடம் பிறகு சொன்னார். மணியம் உரிமத்தை இழந்து, எங்களிடமே பஸ் கழுவினான். யாரும் அவனோடு சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை. அக்கா மட்டும் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்காருவார். அவனுக்கு அது பெரிய சங்கடமாக இருந்தது.

பல வருஷம் கழித்து அவர் பினாங்கில் தன் தமக்கை மகள் வீட்டில் காலமானபோது, மிச்சமிருந்த பஸ்களை ஓட்டுநர்களே பங்கு போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் படத்துக்கு முன்னால்கூட ஓட்டுநர்கள் ஏதோ ஒரு ஓட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு அந்தச் சாவைவிட அதிகம் நினைவில் நிற்பது வேறொரு நாள்.

லெட்சுமி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தாள். கை ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதில் பலம் வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா அவளைப் பார்க்கப் போக வேண்டும் என்றார். செலவை நீங்கள்தானே ஏற்றுக்கொண்டீர்கள், அவள் இப்போது யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை என்று தடுத்தேன். கடவுளுக்குச் செய்த தப்பை அவரிடம் சொல்லிக் கரைத்துக்கொள்ளலாம், ஒரு மனுஷிக்குச் செய்த தப்பைக் கடவுளாலும் மன்னிக்க முடியாது, அவளிடம்தான் போக வேண்டும் என்றார். இதையும் அந்த வீட்டில்தான் கற்றதாகச் சொன்னார்.

முதல் தடவை லெட்சுமி கதவைத் திறக்கவில்லை. அவள் புருஷன் கேட்டுக்கு வந்து, போயிருங்க என்றார். அடுத்த முறை அவளே வாசலுக்கு வந்து, அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டாள். அவளுக்கு விருப்பமில்லை, தொந்தரவு செய்கிறோம் என்று நான் கோபித்துக்கொண்டேன். இன்னும் ஒரு தடவை, அதற்கு மேல் போகமாட்டேன் என்றார்.

கடைசித் தடவை போனது நல்ல வெயில் நேரம். கேட்டுக்கு வெளியே நின்றோம். அக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஈப்போவிலிருந்து வந்த முதலாளி அம்மா, ஒரு கையுறைக் கம்பெனித் தொழிலாளி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கிற சிமெண்டில் நின்றுகொண்டிருந்தார். லெட்சுமி வந்தாள். வலது கையைத் துண்டால் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அக்கா கையைக் கூப்பவில்லை, காலில் விழவும் இல்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒன் கையி போனது என்னால. என்ன மன்னிச்சிருன்னு கேக்க வந்தேன். மாட்டேன்னு சொன்னாலும் சொல்லு, அதையும் கேட்டுட்டுப் போறேன்."

லெட்சுமி அக்காவின் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு, "மன்னிப்பெல்லாம் இப்ப வராதுக்கா. வந்தா சொல்றேன்" என்றாள். கேட்டின் கொண்டியை இடது கையால் தடுமாறித் திறந்தாள். "வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க. சாப்பாட்டு நேரம்லா."

உள்ளே அவள் யாரையும் உதவிக்கு விடவில்லை. எங்களை உட்காரவைத்துத் தட்டுகளை வைத்தாள். சோற்றுச் சட்டியைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு அவள் கரண்டியை எடுத்தது இடது கையால் என்பதை அப்போதுதான் நான் கவனித்தேன். அவள் மாமியார் உள்ளிருந்து ஓடிவந்தார். வந்தவர்களுக்கு இடது கையால் பரிமாறுவதாவது என்று அந்த அம்மாளுக்குப் பதற்றம். லெட்சுமி நின்றாள். என்னைப் பார்க்காமல் அக்காவை மட்டும் பார்த்து, "எனக்கு இந்தக் கைதான் இருக்கு" என்றாள்.

அக்கா தட்டை இரண்டு கையாலும் தூக்கி அவள் முன் நீட்டினார்.